முழங்கையை ஊன்றிய வகுப்பு

என் இடக்கைச் சுண்டுவிரல் சுட்டுக் கொப்பளித்திருந்ததை முதலில் கண்டவர் என் கணவர். நான் காணவில்லை. சூடான தேநீர்க் கோப்பையை அந்த விரலால் அடியில் தாங்கியபடி முழுவதையும் குடித்து முடித்திருந்தேன்.

"என்னப்பா இது? உமக்குச் சுடேல்லையோ?" என்றார்.

"எது?" என்றேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. உருத்திரபுரத்தில் ஒரு கைத்தொழில் நிலையத்தில் நான் மட்பாண்டப் பயிற்சி ஆசிரியை. காலால் உதைத்துச் சுழற்றும், முன்னால் பலகை பொருத்திய சக்கரங்கள் ஆறு. வயல் வேலை முடித்து வரும் பெண்கள் ஆறு பேர். பிடி வைத்த கோப்பைகள்தான் எங்கள் விசேஷம். பிடியில்லாத தகரப் பேணியில் குடித்துப் பழகிய ஊர் முதலில் அந்தப் பிடியைப் பார்த்துச் சிரித்தது. கை சுடாமல் குடிக்கலாம் என்று கண்டதும் வாங்கத் தொடங்கியது. பிடியின் பெருமையை ஊருக்கெல்லாம் சொன்னவள், அதைப் பிடிக்காமல் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

உண்மையில் ஒரு மாதமாகவே கடைசி இரண்டு விரல்களும் உணர்ச்சியற்று விறைத்திருந்தன. யாருக்கும் சொல்லவில்லை. விறைப்பு வந்தால் வேலை கையில் படிகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தேன். சக்கரத்தில் மண் ஆடினால், "முழங்கையை முன்பலகையிலை ஊண்டுங்கோ. விரல் விறைச்சால் பயப்பிடாதேங்கோ, வேலை பிடிபடுது எண்டு அர்த்தம்" என்பேன். இந்த முறையை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை, நானே கண்டுபிடித்தது என்று கர்வம் வேறு.

கொப்பளத்தைக் கண்ட மறுநாளே கணவர் தபாற்கந்தோரில் லீவு போட்டுவிட்டு என்னை ரயிலேற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டொக்டர் இளவயதுக்காரர். கண்ணை மூடச் சொன்னார். "குத்தினால் சொல்லுங்கோ."

"நீங்கள் இன்னும் குத்தேல்லையே" என்றேன். அதற்குள் நாலு தரம் ஊசியால் குத்தியிருந்தார்.

அவர் சிரிக்கவில்லை. முழங்கையின் உட்புறம் தடவி, "நரம்பு தடிச்சிருக்கு" என்றார். முதுகிலும் கன்னத்திலும் தேமல் இருக்கிறதா என்று தேடினார். அப்போதுதான் அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. காதுமடலில் தோலைச் சிறிது கீறி, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார் (தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை). முடிவு வர இரண்டு கிழமை, பதினான்கு நாள்.

அந்த இரண்டு கிழமையும் நான் பயந்தேன். சாவுக்கு அல்ல. இந்தக் கை செய்த கோப்பையில் இனி யார் வாய் வைப்பார்கள் என்பதுதான் பயம். வகுப்பை மூடிவிட்டால் நான் யார்? அந்த நோய்க்கும் மாத்திரை வந்துவிட்டிருந்தது. அதைக்கூட ஒருவரிடம் கேட்கத் துணிவில்லை. என் கோப்பையைத் தனியே எடுத்துவைத்தேன். கணவர் அதையே தேடி எடுத்துத் தேநீர் வார்த்துக் குடித்தார். "இதிலை குடிச்சால்தான் எனக்கு ருசி" என்றார். அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதேன். மணமாகி ஏழு வருடத்தில் அவர்மேல் எனக்கு அத்தனை ஆசை வந்ததில்லை.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. டொக்டருக்கு அது போதவில்லை. "அப்ப நரம்பு ஏன் தடிச்சது? வேலை செய்யிற மாதிரி ஒருக்கா இருந்து காட்டுங்கோ."

அவருடைய மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றினேன். காலால் காற்றை உதைத்து, இல்லாத மண்ணை அழுத்தி, வகுப்பில் சொல்வதையெல்லாம் உற்சாகமாக விளக்கினேன். அவர் என் முழங்கையைத் தூக்கித் திருப்பினார். தோல் கறுத்துக் காய்த்திருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம்?"

"ஆறு, ஏழு. நாலு வருஷமா."

"ரீச்சர், உங்கட நரம்பை நீங்களே நெரிச்சுப்போட்டியள்."

வெளியே நீள வாங்குப் பலகையில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தேன். நெரிபட்டது அல்நார் நரம்பு (முழங்கை எலும்பை ஒட்டி ஓடி, கடைசி இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சியும் அசைவும் கொடுப்பது). நாலு மாதம் சக்கரம் தொடக்கூடாது. முழங்கை மடங்காதபடி மட்டை வைத்துக் கட்டவேண்டும்.

"விரல் திரும்பி வருமோ?"

"சொல்லேலாது. நரம்பு மெல்லத்தான் வளரும். எறும்பு ஊருற மாதிரி இருந்தால் சந்தோசப்படுங்கோ."

திரும்பும் ரயிலில் மாங்குளம் தாண்டும்போது என் சிரிப்பு நின்றது. ஆறு பெண்களின் நினைவு வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில், "எல்லாரும் முழங்கையைக் காட்டுங்கோ" என்றேன். ஆறும் கறுப்பு. மூன்று பிள்ளைகளின் தாயான பாக்கியம் முகம் மலர்ந்து சொன்னாள்: "எனக்கு ரெண்டு கிழமையா விரல் விறைக்குது ரீச்சர். நல்லாப் பழகின பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை மன்னிப்புக் கேட்டு அவர்கள் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள். அன்றே முன்பலகைகளைக் கழற்றினோம். கையை விலாவோடு அணைத்து மண்ணை நடுப்படுத்தப் புதிதாகப் பழகினார்கள். நான் மட்டை கட்டிய கையோடு வாயாலேயே பாடம் நடத்தினேன். பாக்கியத்தின் விரல் மூன்றாம் கிழமையே தெளிந்தது. என்னுடையது அசையவில்லை. ஒவ்வொரு காலையும் விரலை நீட்டிப் பார்த்து, நீளாமல் போக, அதோடு கோபித்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் எறும்பு ஊர்ந்தது. தபாற்கந்தோருக்கு ஓடிப்போய்ச் சனத்துக்கு நடுவே கணவரிடம் கையை நீட்டினேன். அவர் முத்திரை குத்துவதை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதே விறைப்பை ஒளித்துவைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: காட்டுங்கள். வேலை செய்யும் விதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நாலு மாதம் முடிந்து சக்கரத்தின் முன் அமர்ந்தேன். கோப்பை ஒருபக்கம் சரிந்தபடி எழுந்தது. அதன் அடியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது.

பாக்கியம் குனிந்து பார்த்தாள். "அடியிலை கோடு விழுந்திட்டுது ரீச்சர். அழிச்சு விடட்டோ?"

ஈரத் துணியோடு வந்த அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த இடத்தில் மண்ணைத் தொடுவது சுண்டுவிரல் மட்டும்தான். இத்தனை நாள் கூப்பிட்டும் வராதது, கூப்பிடாமலே வந்து அழுத்தியிருக்கிறது.

"தொடாதையும் பாக்கியம்" என்றேன். "அது நான் போட்டது."

முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் முப்பது கோப்பை எடுக்காவிட்டால் அது எனக்கு ஒரு நாளே அல்ல. அன்று அந்த ஒன்றோடு எழுந்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.