மேகத்துக்கு ஒரு டீ

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் கஞ்சி வாசனை அடித்தது. தெருவின் நீளத்துக்கு, தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவு விரித்துக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே மேகம் கறுத்திருந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போதும் இப்படித்தான் ஒரு காலை. பாவின் ஒரு முனைக் கோலை அப்பா பிடித்திருந்தார், மறுமுனையை நான். காய்வதற்குள் மழை பிடித்தால் பாவு பாழ். ஒரு மாதத்துக்கு வீட்டில் தறி ஓடாது.

“அந்த மேகத்துக்கு ஒரு டீ குடுத்து, அப்பால வரச் சொல்லுடா,” என்றார் அப்பா என்னிடம். தெருவே சிரித்தது.

“உங்களுக்கு எப்பவும் வெளாட்டுதான்,” என்றாள் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த அம்மா.

அப்போது என் கையில் இருந்த கோல் நடுங்கியது. அப்பாவின் கை நடுக்கம் நூல் வழியாக என்னிடம் வந்துகொண்டிருந்தது.

அன்று மழை வரவில்லை. தங்கைகளின் கல்யாணம், அம்மாவின் ஆபரேஷன் என்று எதற்கும் அப்பா சிரித்துக்கொண்டேதான் இருந்தார், எண்பத்தாறு வயதுவரை. கவலையே இல்லாத மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் அவர் கையைப் பார்த்தேன். அதைப் பார்க்க முடியாமல்தான் எட்டாவதோடு ஊர் ஊராக ஓடினேன்; நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்துபோனேன்.

“அண்ணே, கொஞ்சம் புடிக்கிறியா? ஆளு வரல, மழ வந்துக்கினு இருக்குது,” என்று இப்போது என்னைக் கூப்பிட்டான், தெருவில் பாவு விரித்திருந்தவன். பையை இறக்கி வைத்தேன்.

அன்று பேருந்து ஏறவில்லை. மறுநாள் காலை அவனிடமே கூலிக்குச் சேர்ந்தேன். அன்றும் வானம் மூடியிருந்தது. எதிர்முனைக் கோலை அவன் மகள் பள்ளிச் சீருடையில் பிடித்திருந்தாள். என் கை நடுங்கத் தொடங்கியதும், “பாப்பா, மேகம் டீ குடிச்சிடுச்சான்னு கேளு,” என்றேன்.