கரையில் ஓடிய பவானி

படகு கிளம்பிப் போனதும் மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பது பவானியின் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் குப்பத்தில் இருபது வருஷமாக அதைச் செய்கிறாள். நாற்பது வயதில், பெட்டி கழுவும்போதே கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கணவன் தேசப்பன் கரையேறும்வரை அடங்காது.

செங்கல்பட்டில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் கோளாறில்லை, பதற்றம்தான் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "தினமும் உடம்பு கொஞ்சம் வேர்க்கணும்மா. நடங்க, ஓடுங்க, எது புடிக்குதோ அது."

பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடியவள் பவானி. பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு, விடிந்ததும் சவுக்குத் தோப்பை ஒட்டிய கரையில் ஓடினாள்.

"இன்னாடி, மெடல் வாங்கப் போறியா?" என்பாள் பக்கத்து வீட்டு சாந்தா. அவள் கணவன் அரசுவும் தேசப்பனும் ஒரே படகு.

"ஓடறப்ப நெஞ்சு அடிச்சிக்கினா அதுக்கு ஒரு காரணம் கீதுக்கா. சும்மா குந்திகினு கீறப்ப அடிச்சிக்குது பாரு, அதான் பேஜாரு."

மூன்று மாதத்தில் தூக்கம் வந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கினார்.

ஐப்பசியில் ஒருநாள் காற்று மாறி, படகுகள் வரத் தாமதமானது. பயத்தை ஓடியே தீர்க்கப் பார்த்த பவானி, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் குப்பத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள். படகு கடலில் இருக்கும்போது ஒருத்தி அப்படி ஓடி வந்தால், அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். சாந்தா அலறிக்கொண்டு வாசல்படியிலிருந்து விழுந்தாள். வீட்டுக்கு வீடு ஒப்பாரி கிளம்பியது. அரை மணி நேரத்தில் எல்லாப் படகுகளும் வந்து சேர்ந்தன. முறிந்தது சாந்தாவின் மணிக்கட்டு மட்டும்.

யாரும் திட்டவில்லை. "இனிமே நட, போதும்" என்றான் தேசப்பன். நடந்தாள். பத்தாம் நாள் கை மறுபடி நடுங்கியது. மெயின் ரோட்டில் ஓடலாமென்றால், கார்கள் போகிற வேகத்துக்கு ஓரத்தில் நிற்கவே முடியாது.

சாந்தா வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாந்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"தோப்பாண்டயே ஓடிட்டு, குப்பத்துக்குள்ள நடந்தே வந்துர்றேன்க்கா. ஓடட்டுமா?"

"எங்க வாசல்ல நின்னா தோப்பு தெரியும்டி. முன்னல்லாம் பாத்து சிரிச்சுகினு இருந்தேன். இப்ப தூரத்துல ஒரு நாய் ஓடுனாகூட எனக்கு கால் வுட்டுப் போவுது." சாந்தா கோபமாகச் சொல்லவில்லை. "ஓடலன்னா ஒனக்கு நடுங்குது. நீ ஓடுனா எனக்கு நடுங்குது. ரெண்டு பேர்ல எவ நடுங்கறது? நீயே சொல்லு."

பவானி வாசலுக்கு வந்து தோப்பைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தே போனாள்.