மேல் துளையா, கீழ்த் துளையா?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த ஆலையில் எந்த இரும்பு முறிந்தாலும், முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தத் துண்டு என் மேசைக்குத்தான் வந்தது. சங்கிலிக் கண்ணி, கிரேன் கொக்கி, கப்பல் தகடு... முறிந்த முகத்தைப் பார்த்தே காரணம் சொல்வேன். உலோகவியலில் பட்டம் பெற்றவன். நான் கையெழுத்திட்ட அறிக்கை எதையும் இதுவரை எவரும் திருத்தியதில்லை. சென்ற வார நிகழ்ச்சிக்கு முன் என் நிலை இது என்பதைப் பதிவு செய்துவிட்டே தொடர்கிறேன்.

அந்த நிலையில் நின்றுகொண்டுதான் சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதினேன் — இரும்பு எங்கே கிழியும் என்பதைக் கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் இதே பக்கத்தில் பெயர் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்பேன் என்று. எழுதியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

மறுநாளே தொலைபேசி ஒலித்தது. ஓய்வுக்குப் பின்னும் நான் ஆலோசகராகச் சென்றுவரும் திருவொற்றியூர் சோதனைக்கூடத்தின் பொறியாளர் கௌசல்யா பேசினார். கணினிப் பிரிவு அவருடையது. வியாசர்பாடிப் பெண். குரலில் பணிவு, பணிவுக்குள் ஓர் ஊசி.

"படிச்சேன் சார். ஒரு தகட்டைக் கிழிச்சே பாத்துடலாமா சார்? நீங்களும் எழுதிக் கவர்ல போடுங்க. நானும் போடுறேன் சார்."

நான்கு வாக்கியத்துக்கு மூன்று சார். மறுக்க முடியுமா?

தகடு உள்ளங்கை அளவு. ஒரு பக்க விளிம்பின் நடுவில் சிறிய வெட்டு. அதற்கு எதிரே மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. மேல் துளை சிறியது. வெட்டுக்குச் சற்றே அருகில். கீழ்த் துளை பெரியது, சற்றே தள்ளி. இயந்திரம் தகட்டைக் கவ்வி, மேலும் கீழுமாக இழுக்கும். வெட்டிலிருந்து புறப்படும் விரிசல் எந்தத் துளையைத் தேடிப் போகும்? அவ்வளவுதான் கேள்வி.

'கீழே' என்று எழுதி உறையை ஒட்டினேன். பெரிய துளை உள்ள பக்கம் இரும்பு பலவீனம். இதைச் சொல்லக் கணினி எதற்கு?

இயந்திரத்தை இயக்குபவர் தனசேகர், கல்மண்டபத்துக்காரர். தகட்டில் துளை போட்டவரும் அவரே.

"அண்ணே, நீங்க யார் கட்சி?" என்றார் கௌசல்யா.

"நான் இரும்பு கட்சிமா. அது எந்தப் பக்கம் போவுதோ, அந்தப் பக்கம் கை தட்டுவேன்."

பொத்தானை அழுத்தினார். திரையில் இழுவிசைக் கோடு ஏறியது... தகடு நீண்டது...

டம்!

கீழே! விரிசல் கீழ்த் துளைக்குள் பாய்ந்திருந்தது.

"நைனா! நம்ப நைனா சொன்னா சொன்னதுதான்!" என்று கூவினார் தனசேகர். பணியிடத்தில் என்னை எவரும் நைனா என்றதில்லை. அன்று நான் ஆட்சேபிக்கவில்லை. கௌசல்யாவின் உறையைப் பிரித்தோம். 'மேலே.' அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக்கொண்டே இருந்தார்.

நான் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தேன். கிழிந்த தகடு இழுபட்டு உருமாறியிருந்தது, அளந்து பயனில்லை. ஆனால் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கவ்வி ஒரே மூச்சில் துளையிடுவது எங்கள் பக்கத்துப் பட்டறை வழக்கம். ஆகவே கிழியாத ஜோடித் தகடு ஒன்று இருந்தது. அளந்தேன். மறுபடி அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அளந்தேன். கீழ்த் துளை, வரைபடத்தில் உள்ளதைவிட ஒரு மில்லிமீட்டர் வெட்டுக்கு அருகே இருந்தது.

"தனசேகர், ட்ரில் இடம் விலகி ஓடிவிட்டதா?"

"லைட்டா ஓடிச்சு சார். கால் நூலு, ஒரு மில்லி இருக்கும். அதுல இன்னா கீது?"

அதில்தான் எல்லாமே இருந்தது! கௌசல்யா கணக்கிட்டது வரைபடத்துத் தகட்டை. நாங்கள் கிழித்தது தனசேகரின் தகட்டை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெற்றி என்னுடையது என்பது, கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்வது? அளவு தவறியதைக் கண்டால் என் வாய் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

கௌசல்யா நாற்காலிக்கு ஓடினார். நான் அளந்த எண்களைக் கணினிக்குள் செலுத்தினார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் திரையில் விரிசல் நகர்ந்தது. கீழே! நாங்கள் காலையில் கிழித்தது போலவே!

இதற்குள் தனசேகர் புதுத் தகடு ஒன்றைத் தனியாகக் கவ்வி, வரைபடத்தின்படி நிதானமாகத் துளையிட்டிருந்தார். இம்முறை முதலிலேயே அளந்தேன். மிகச் சரி.

"இதுக்கு நான் கவர்ல எழுதுனதுதான் சார். மேலே. நீங்க சார்?"

"கீழே" என்றேன். பின்வாங்கிப் பழக்கமில்லை.

டம்!

மேலே!

"மேலே! மேலே!" என்று அந்தக் கூடமே அதிரக் கத்தியது யார்? நான்தான். கையிலிருந்த குறிப்பேடு எங்கோ பறந்தது. முறிந்த பின் காரணம் சொல்லியே முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தவன் நான். முறியும் முன்பே இடத்தைச் சொல்லிவிட்டாரே இந்தப் பெண்! சிரிப்பு அடங்கவேயில்லை.

"சார், தோத்தது நீங்க சார்! இன்னாத்துக்குக் குதிக்கிறீங்க?" என்றார் தனசேகர். என்னைக் கேட்டுவிட்டு அவரும் குதித்தார். கௌசல்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கணக்கைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நம் துளையைத்தான் சோதிக்கிறோம் — எத்தனை முறை இது நடந்திருக்கும்? கணக்கு தவறு என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்? எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது. ஆகவே எண்ணவில்லை.

கௌசல்யா, மன்னிக்கவும். பெயரைக் குறிப்பிட்டுவிட்டேன்.

நிற்க. நான் குதித்ததாக உலவும் செய்தி உண்மை, மறுக்கவில்லை. ஆனால், பெருந்தன்மையோடு நானே அளந்து பார்த்து வெற்றியை விட்டுக்கொடுத்தேன் என்றும் தனசேகர் கல்மண்டபம் முழுக்கச் சொல்லிவருகிறார். அது தவறு. என் வெற்றியைத் துல்லியமான அளவுகளோடு அறிக்கையில் ஏற்றுவதற்காகத்தான் வெர்னியரை எடுத்தேன்.