முறத்தில் வந்த எலி

பேத்தமங்களா போகும் வண்டிக்காக தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில், பிளேக் தடுப்புக்கு வந்திருக்கும் கம்பவுண்டரின் கொட்டகை வாசலில் நிற்கிறேன். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி முறத்தில் செத்த எலியோடு வருகிறாள்.

"வழி உடுங்க பெரியவரே. எலியப் பார்த்ததில்லியா?"

"மறைத்திருக்கலாமே அம்மா? எலி செத்து விழுந்தால் பிளேக் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே."

"கம்பவுண்டரு சொல்லுவாரு. ஆனா மொதல்ல என் கோழிங்களுக்கு எடம் பார்ப்பாரு, அப்பறம்தான் எங்களுக்கு ஊருக்கு வெளிய குடிசை. கோழிக்கே மரியாத குடுக்கிறவருகிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும்?"

உள்ளேயிருந்து கம்பவுண்டர், "வாங்கக்கா, எத்தினி கோழி?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது.

வேலூர்ப் பக்கம் நானும் பிளேக் அதிகாரியாக இருந்தவன். இவரைவிட அதிகம் படித்தவன். எலி விழுந்த வீடுகளை, சாமான் எடுக்கக்கூட விடாமல் கொளுத்தினேன். அதற்குப் பயந்து ஒரு தாய், காய்ச்சல் கண்ட மகளை நெற்குதிருக்குள் ஒளித்தாள். அந்தக் குழந்தையைப் பிணமாகத்தான் கண்டெடுத்தேன். என்னிடம் ஒருவரும் எலி கொண்டுவந்ததே இல்லை.

வண்டி வந்துவிட்டது.

"சும்மாதானே நிக்கிறீங்க பெரியவரே, கோழி புடிக்க வரீங்களா?" என்கிறாள் அவள்.

வண்டியைப் போகச் சொல்கிறேன்.