டிவைடரைத் திறந்த காலை

ஆரணியில் போக்குவரத்தைக் கவனிக்கும் பொறியாளர் நான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். முகூர்த்த மாதங்களில் ஒருமுறை வந்து பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். பட்டு எடுக்க வந்த கார்கள் கடைவீதியின் இரண்டு பக்கமும் நிற்கும். நடுவில் களம்பூர் நெல் லாரி ஒன்று புகுந்துவிட்டால் அன்று முழுக்க எனக்குப் போன்தான். இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் என் வேலை தெரியும். அவரவர் வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை போட வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் வாசலில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். நானும் லேசுப்பட்டவன் இல்லை, மனு கொடுக்க வருகிறவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

ஒரு வேலையை மட்டும் யாரும் கேட்காமலே செய்தேன். முள்ளிப்பட்டுப் பக்கம் போகிறவர்கள் திரும்புவதற்காக டிவைடரில் ஓர் இடைவெளி இருந்தது. பட்டுக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியோடு அதில் திரும்பினாள். எதிர்ப்பக்கம் வந்த லாரியை அவள் பார்க்கவில்லை. மறுநாள் நான் போனபோது தார்மேல் மணல் கொட்டியிருந்தார்கள். அந்த வாரமே கான்கிரீட் கட்டைகளை இறக்கி இடைவெளியை அடைத்தேன். இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு யார் போவது என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் மசியவில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஓர் உயிரும் போகவில்லை. என் வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அந்த அடைப்பு ஒன்றுதான்.

போன தை மாதம் அந்தப் பெண்ணின் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. மகனுக்குக் கலியாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கலியாணத்துக்கு முன்னால், அந்தக் குடும்பத்தில் அகாலமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைத்துவந்து படைப்பார்கள். ஆற்றில் கலசம் நிறையத் தண்ணீர் மொண்டு, பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் யார்மேலாவது இறங்கி, வந்துவிட்டேன் என்று சொன்னால்தான் மற்ற வேலையைத் தொடங்குவார்கள்.

இவர்களும் முந்தின வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள். பம்பைக்காரர் தொண்டை வற்றப் பாடியும் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இந்த அம்மாவின் தங்கைமேல் இறங்கியிருக்கிறாள். இறங்கியவள் வந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டார்கள், நான் எப்படி வருவேன் என்று அழுதாளாம். டிவைடரைக் கொஞ்சநேரம் திறந்துவிட முடியுமா என்று கேட்கத்தான் அந்த அம்மா வந்திருந்தார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னொரு பெண் அப்படிச் சாகக் கூடாது என்றுதானே அதை அடைத்தேன். விதிமுறை, போலீஸ் அனுமதி, கிரேன் என்று எனக்குத் தெரிந்த மறுப்பையெல்லாம் அடுக்கினேன். செத்துப்போனவர்களுக்கெல்லாம் என்னால் ரோடு போட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதை விழுங்கிவிட்டேன். அந்த அம்மா நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் அடைச்சீங்க சார். உங்கள நாங்க ஒண்ணும் கொற சொல்லல. ஆனா அவளுக்கு அது தெரியாது இல்லீங்களா? அவ வந்தப்ப தெறந்து இருந்திச்சி. அந்த வழியத்தான் தேடிக்கினு நிப்பா."

ஊரில் எந்த வழியை மாற்றினாலும் பலகை வைப்பேன், ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லச் சொல்வேன். இவளுக்கு யார் சொன்னார்கள்? இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை நான். அன்று யோசித்தேன். மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செய்வதென்று முடிவானது. போலீஸ் அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறித்துக் கொடுத்தார். கிரேன் வந்து கட்டைகளைத் தூக்கி ஓரமாக வைத்தது. அந்த இடத்தைப் பார்க்க மனம் வராமல், நான் கிரேன்காரரைக் காரணமே இல்லாமல் அதட்டிக்கொண்டிருந்தேன்.

ஆற்றுப்பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. அந்த அம்மாதான் கலசத்தைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் தங்கையும் உறவுக்காரர்களும் வந்தார்கள். இடைவெளிக்கு எதிரே வந்ததும் பம்பை நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்படியும் அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு இன்னொரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"வாம்மா. வண்டி ஒண்ணும் வரல. வா."

மெதுவாக, பிடித்த கையை விடாமல் அழைத்துப்போவது போலத் தாண்டினார். மறுபக்கம் போனதும் தங்கைக்கு அருள் வந்தது. பம்பைக்காரர் என்னவோ கேட்டார், தங்கை என்னவோ சொன்னார், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நானும் அழுதேன்.

வீட்டில் படையல் முடியும்வரை திறந்தே இருக்கட்டும், போலீஸிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அவர் பதறிப்போனார்.

"ஐயோ வேணாம் சார். இவள இட்டுக்கினு வந்துட்டேன். ஜல்தியா அடைச்சிடுங்க. மறுபடியும் இந்த ரோட்டுக்கு வந்துடப் போறா."

கடைசிக் கட்டை இறங்கும்வரை, கலசத்தைத் தலையிலிருந்து இறக்காமல், அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.