தகவல் அளித்தவர்: தங்கமணி

எங்கள் ஊரில் யாருக்குச் சர்க்கரை நோய், யார் வீட்டில் மூன்று நாளாகச் சமையல் இல்லை, யார் வீட்டுப் பையன் குடிக்கத் தொடங்கியிருக்கிறான் என்பதெல்லாம் தங்கமணி அக்காவுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. ஊராட்சியின் தூய்மைக் காவலராக எட்டு வருடமாக நூற்று எண்பது வீட்டுக் குப்பையைத் தன் கையால் பிரித்தவர். ஊசியும் பாட்டிலும் மாத்திரை அட்டையும் அவரிடம்தான் வந்து சேரும். ஒரு வீட்டுச் சேதி அவர் வாயிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை.

அதற்கு முன் நடவு ஆள். நடவு இயந்திரம் வந்ததும் வேலை குறைந்துபோனது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். மகள் ஷோபனா தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். காலை ஆறரைக்குப் பச்சை நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு, விசில் ஊதியபடி மூன்று சக்கர வண்டியோடு தெருவில் இறங்குவார்.

நான் தமிழ்நிலா, விவசாயி பக்கிரியின் மகள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தேர்வுகள் எழுதிக்கொண்டே ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணினி வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் அக்கா பிளாஸ்டிக்கை எடை போட்டுச் சொல்வார், நான் பதிவேன்.

போன வருடம் குறுவை நாற்று விடும் நேரத்தில் வயல்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒயர்கள் வரிசையாகக் காணாமல் போயின. உள்ளே இருக்கும் செம்புக்காகத் திருட்டு. மாதம் ஒரு முறை எல்லாத் துறையும் சேர்ந்து பாதுகாப்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. பூதலூரிலிருந்து எஸ்.ஐ. வந்தார், மின்வாரியத்திலிருந்து போர்மேன், பிறகு வி.ஏ.ஓ., எங்கள் ஊராட்சிச் செயலர் பிரபு. கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. தேநீர் கொடுப்பது தங்கமணி அக்கா.

முதல் கூட்டம் சண்டையில் போயிற்று.

"கம்பம் வரைக்கும்தான் சார் எங்க பொறுப்பு. மோட்டாருக்குப் போற ஒயரு விவசாயியோடது," என்றார் போர்மேன்.

"அப்ப திருடன் கம்பத்துல ஏறுனாத்தான் நீங்க வாயத் தொறப்பீங்க?" என்றார் எஸ்.ஐ.

வி.ஏ.ஓ. எதற்கும் சர்வே எண் கேட்டார். அந்த எரிச்சலில் போர்மேன் சொன்னார்: "பேசாம ஒயரு மேலயே சர்வே நம்பரப் பெயின்ட்ல எழுதிடுங்க சார், எல்லாருக்கும் நிம்மதி."

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ஒரே வாரத்தில் வி.ஏ.ஓ. எண்களைக் கொடுத்தார், போர்மேன் இணைப்புக்காரர்களின் பட்டியலைக் கொடுத்தார், காவல் நிலையம் தஞ்சாவூர் வரை பழைய இரும்புக் கடைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. எண் எழுதிய ஒயரை யாரும் வாங்கக் கூடாது. "மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி போடுறாங்கடி," என்று அப்பா சிரித்துக்கொண்டே எங்கள் ஒயரில் வெள்ளைப் பெயின்டில் 214/3 என்று எழுதினார்.

பத்து நாளில் அதுவும் திருடுபோனது. மோட்டார் மெக்கானிக் செல்லதுரை வந்து புது ஒயர் மாட்டினார்.

அடுத்த வாரம் தங்கமணி அக்கா என்னைக் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்திட்டு வா நிலா. இது எந்த நம்பருன்னு பாரு."

கையில் கறுப்பு ஒயர்த் தோல். பிளேடால் நீளவாக்கில் கிழித்து உள்ளே இருந்த செம்பை உருவியிருந்தார்கள். தோலில் 214/3.

"எங்கக்கா கெடச்சுது?"

"செல்லதுரை வீட்டுப் பையில. வாழ மட்டைக்கு அடியில." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் பேரு வரக் கூடாது நிலா. நாளைக்கும் அதே வாசல்ல போயி நான் விசில் ஊதணும்."

சத்தியம் செய்தேன். எஸ்.ஐ.யிடம் தனியாகச் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டார், வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். செம்பு வாங்கிய கடைக்காரனைப் பிடித்து, அவன் வாயாலேயே செல்லதுரையின் பெயரை வரவழைத்தார். ஊரில் யாருக்கும் அக்கா மேல் சந்தேகம் வரவில்லை. எஸ்.ஐ. காத்த ரகசியத்தைக் கெடுத்தது நான்தான்.

அடுத்த கூட்டத்தின் குறிப்பை மாவட்டத்துக்கு முன்மாதிரியாக அனுப்பப் போவதாகப் பிரபு சார் சொன்னார். அந்தப் படிவத்தை வடிவமைத்தவளே நான்தான். ஒவ்வொரு வரிசையிலும் நடவடிக்கை, பொறுப்புத் துறை, தகவல் அளித்தவர் என்று கட்டங்கள். எல்லாம் நிரம்பியிருக்க, செல்லதுரை பிடிபட்ட வரிசையில் தகவல் அளித்தவர் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் "தங்கமணி, தூய்மைக் காவலர்" என்று தட்டினேன். அவருக்குப் பெருமை கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். காலிக் கட்டம் பார்க்க அசிங்கமாக இருந்தது. கலெக்டர் ஆபீசில் யாராவது "இத யாரு தயார் பண்ணது?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன்.

பிரபு சார் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

மறுநாள் அக்கா விசில் ஊதிக்கொண்டு போன தெருவில் பாதிக் கதவுகள் திறக்கவில்லை. குழாயடியில் பேச்சு ஓடியது. "திருடனப் புடிச்சது சரிதான்டி. ஆனா நம்ம பையையும் இவ கிண்டித்தானே பாக்குறா?" ஒவ்வொரு வீட்டிலும் மறைக்க ஏதோ ஒன்று இருந்தது. குப்பையைக் கொல்லையில் கொளுத்தினார்கள், வாய்க்காலில் கொட்டினார்கள்.

செல்லதுரை ஜாமீனில் வந்தார். அவரை விட்டால் மோட்டார் பார்க்கப் பூதலூருக்குத்தான் போக வேண்டும். பயிர் காய்கிறதே என்று ஒவ்வொருவராக அவரையே கூப்பிட்டார்கள். டீக்கடை வாசலில் அக்காவின் வண்டியைப் பார்த்து அவர், "வாங்க இன்ஸ்பெக்டரம்மா! இன்னைக்கு எந்த வீட்டுல ரெய்டு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் அங்கே நின்றார். அவரும் சிரித்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது கொல்லையில் புகை. அம்மா பிளாஸ்டிக் கவர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"நீயுமாம்மா?"

"ஊரே தரல. நாம மட்டும் குடுத்தா என்ன நெனைப்பாங்க?"

அக்காவின் பெயரை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அம்மா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அத வெளியில சொல்லி வைக்காத," என்றார். நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் சொல்லவில்லை.

வாரம் முப்பது கிலோ வந்த பிளாஸ்டிக் நாலு கிலோவானது. "பிளாக்குலேருந்து கேள்வி கேக்குறாங்க. ஆள மாத்திடுவோம், தங்கமணி சரியா வேலை பாக்கலன்னு ஒரு லெட்டர் அடிங்க," என்றார் பிரபு சார்.

தட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

"அக்கா, அன்னைக்கு ஒங்க பேர எழுதுனது..."

"நீதான். ஆபீசுல வேற யாரு டைப் அடிக்கிறா?" நாலு கிலோவைத்தான் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒங்கிட்ட சொன்னது என் தப்பு. படிச்ச புள்ள, பத்திரமா வச்சுக்கும்னு நெனச்சேன்."

அழுதேன். அவர் தேற்றவில்லை.

"அழுது என்ன ஆவப் போவுது? ஷோபனாவுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. எடை ஏன் கொறஞ்சுதுன்னு எழுது. எந்தெந்த வீடு குப்பை தரலன்னு எழுது. நான் சொல்றேன்."

எழுதினேன். நூற்றுப் பதினோரு வீடு. முதலில் "பக்கிரி, மேலத்தெரு" என்று எழுதினேன். அக்கா சொல்லாமலேயே எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டைச் சொன்னார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை நானே வாசித்தேன். வாக்கை மீறிப் பெயரைப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். வி.ஏ.ஓ. தன் வாடகை வீடும் அதில் இருப்பதைக் கேட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எஸ்.ஐ. கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "நான் கடைக்காரன்கிட்ட நாலு நாள் மல்லுக்கட்டுனேன்மா," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு வாரம் அவர்கள் முறை போட்டு அக்காவோடு தெருவில் நடந்தார்கள். ஒரு நாள் ஏட்டு, ஒரு நாள் போர்மேன், ஒரு நாள் வி.ஏ.ஓ. கதவுகள் திறந்தன. எடை மறுபடி இருபதைத் தொட்டது. அக்காவின் வேலை தப்பியது.

பையை வாங்குகிறார், ஆனால் இப்போது வாசலில் வைத்துப் பிரிப்பதில்லை. கொட்டகையில் பிரிக்கும்போதும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு வாசலில் அம்மாவிடம் நலம் விசாரிப்பார். என்னிடம் எடையை மட்டும் சொல்வார்.

இந்த மாதம் வெண்ணாற்றங்கரைப் பக்கம் மறுபடி இரண்டு ஒயர் போயிருக்கிறது. கூட்டத்தில் தேநீர் வந்தபோது எஸ்.ஐ. தன் டம்ளரை எழுந்து வாங்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சாம்மா?"

அக்கா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இல்லைங்க சார். நான் குப்பைய மட்டுந்தான் பாக்குறேன்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எஸ்.ஐ. அவரை மேலும் கேட்கவில்லை. போர்மேனும் வி.ஏ.ஓ.வும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.