வாசலில் ஏழு ஜோடி

எதையும் எண்ணாமல் இருக்க முடியாது என்னால். எழுபதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, அந்தப் பழக்கம் என்னை வசமாக மாட்டிவைத்தது.

வீட்டுக்கு எத்தனை பேர் என்று விசாரித்துவர எங்களை அனுப்பியிருந்தார்கள். பூன் லே வட்டாரத்து அரசாங்க அடுக்குமாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அங்கே கிடந்த செருப்புகளை எண்ணிவிட்டேன்.

"மூணு பேர்தான் தம்பி. நான், அவரு, பாப்பா" என்றார் வீட்டுக்கார அக்கா.

"வெளிய ஏழு ஜோடி கெடக்குதேக்கா?" என்று சிரித்தேன்.

அவர் முகம் வெளுத்தது. கணவர் எழுந்துபோய் இரும்புக் கதவைப் பூட்டினார். கப்பல் பட்டறையில் உரமேறிய கைகள்.

"யாரு அனுப்புனா? ஹவுசிங் ஆபீஸா?"

"இல்லண்ணே, ஸ்டூடண்ட்" என்று அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளறையில் ஒரு குழந்தை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"என் தங்கச்சி குடும்பம், நாலு பேரு. வீடு கெடைக்கிற வரைக்கும்தான் லா. தெரிஞ்சா எங்களையும் வெளிய அனுப்பிடுவாங்க. மூணுன்னே எழுதிக்குங்க, தம்பி" என்றார் அக்கா.

அப்படியே எழுதினேன். கணவர் கதவைத் திறந்துவிட்டார்.

மின்தூக்கி அருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து செருப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் மூன்று ஜோடிதான் மிச்சம்.

இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் தலையை நிமிர்த்தியே நிற்கிறேன். குனிந்தால் எண்ணிவிடுவேனோ என்று பயம்.